ஏழு வேன்களும் ஒரு பொம்மை விமான எஞ்சினும்

விளக்கெண்ணெய் கருகும் வாசனையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் அடிக்கும் ஈதர் வாசனையும் ஒன்றாகக் கலந்தால் எப்படியிருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. எனக்கு அந்த வாசனை மூக்கில் ஏறினால் இந்த அறுபத்தாறு வயதிலும் உள்ளங்கை வேர்த்துவிடுகிறது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்குக் கிண்டியில் என் பட்டறையில் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள், பெரிய படிப்புப் படித்த இன்ஜினியர்கள் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சந்தேகம் கேட்டுக்கொண்டு போகிறார்கள். மாலை வேளையில் அசோக் நகர் வீட்டு மாடியில் பொழுதுபோக்காகப் பழைய பொம்மை விமான எஞ்சின்களைச் சரிசெய்கிறேன். வெளியூர்களிலிருந்தெல்லாம் பெட்டி பெட்டியாக வருகின்றன. ஒன்றைக்கூட ஓடாமல் நான் திருப்பி அனுப்பியதில்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆனால் ஒவ்வொரு பெட்டியைத் திறக்கும்போதும் அந்த வாசனைதான் முதலில் வெளியே வரும், கூடவே எனக்குப் பன்னிரண்டு வயதில் வந்த ஒரு வாரமும் வந்துவிடும்.

அப்போது மந்தைவெளியில் ஒரு தகரக் கொட்டகையில் என் நைனா முனுசாமி மோட்டார் மெக்கானிக்காக இருந்தார். வழியில் நின்றுபோன டாக்சி, புகை கக்கும் பழைய கார் என்று கிடைத்ததைப் பார்ப்பார். பாதி வேலை ரோட்டில் படுத்துக்கொண்டுதான். அந்தச் செவ்வாய்க்கிழமை மயிலாப்பூரிலிருந்து ரங்கநாதன் சார் வந்தார். ஒரு கம்பெனியில் மேனேஜர். கைக்குட்டையைப் பிரித்தால் உள்ளே கொய்யாக்காய் அளவில் ஒரு பொம்மை விமான எஞ்சின். வருஷக்கணக்காகக் கிடந்ததில் உள்ளே விட்டிருந்த பழைய விளக்கெண்ணெய் வெல்லப்பாகாக இறுகி, முன்னால் இருந்த மர விசிறியை அசைக்கக்கூட முடியவில்லை.

"லாரி எஞ்சின்லாம் பாத்த கை சார் இது. கொசுவாட்டம் கீது, இதுக்கு இன்னா பயம்?" என்றார் நைனா.

"கொசு கொசுன்னு சொல்லிண்டு கோட்டை விட்டுடாதேப்பா. ஞாயித்துக்கிழமை எங்க பெரிய ஆபீசரே பாக்க வரார். நன்னா பறந்துடுத்துன்னா ஆபீஸ் வேன் ஏழும் உன் கொட்டகைக்குத்தான்."

ஏழு வேன்! அன்று சாயங்காலத்துக்குள் என் அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. "ஏழு வண்டி மாத்தி மாத்தி வந்துகினே இருந்தா உங்க நைனா ரோட்டுல படுக்க வாணாம்டா" என்று என்னிடமும் சொன்னாள்.

மறுநாள் நைனா ஸ்டவ்வின் மேல் இரும்புத் தகட்டை வைத்து, அதன்மேல் எஞ்சினை வைத்துப் பதமாகச் சூடுகாட்டிப் பிரித்தார். வியாழக்கிழமை திருப்போரூர் பக்கம் ஒரு கார் நின்றுவிட்டதென்று ஆள் வந்தது. போகும்போது, "துணியால தொட்ச்சு மாட்டி வெய்யி. வேற ஒண்ணும் நோண்டாத" என்றார்.

நான் நோண்டினேன். எங்கள் கொட்டகையில் ஒரு பழக்கம் உண்டு: எந்த எஞ்சினைப் பிரித்தாலும் வால்வுகளுக்கு "பேஸ்ட்" போட்டுத் தேய்த்துத்தான் மாட்டுவோம். மண் மாதிரி நறநறவென்று இருக்கும் அந்தப் பசையைத் தடவி, குச்சியை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி உருட்டித் தேய்ப்பதில் அந்த வட்டாரத்திலேயே என்னை அடிக்க ஆளில்லை. இந்தக் குட்டி எஞ்சினில் தேய்க்க வால்வு எதுவும் இல்லை. பிஸ்டன்தான் இருந்தது, அதன்மேல் பழுப்பாக ஒரு கறை. அழுக்கோடு திருப்பிக் கொடுத்தால் நம் கொட்டகைக்குக் கேவலமாயிற்றே என்று நினைத்து, அதற்குப் பேஸ்ட் பூசி, சிலிண்டருக்குள் விட்டு அரைமணி நேரம் தேய்த்தேன். வெள்ளிக்காசு போல மின்னியது.

பெட்ரோலில் அலசி மாட்டி விசிறியைத் தள்ளினேன். சைக்கிள் சக்கரம் மாதிரி அது பாட்டுக்குச் சுற்றியது. நல்ல எஞ்சினைக் கையால் தள்ளினால் உள்ளே காற்று இறுகி எதிர்த்து நிற்க வேண்டும். "கடிக்குது" என்பார் நைனா. இதில் கடியே இல்லை. கார் பிஸ்டனைச் சுற்றி வளையம் இருக்கும், கொஞ்சம் தேய்ந்தாலும் அது சமாளிக்கும். இந்தச் சின்ன பிஸ்டனுக்கு வளையமே கிடையாது. தேய்ந்துபோன அந்த எஞ்சினில் காற்றை அடைத்துப் பிடித்திருந்ததே நான் சுரண்டியெடுத்த அந்தக் கறைதான்.

கெட்டியான விளக்கெண்ணெயை உள்ளே ஊற்றித் தள்ளிப் பார்த்தேன். கடித்தது. சாயங்காலம் திரும்பி வந்த நைனாவும் தள்ளிப் பார்த்தார். "சோக்கா கடிக்குதுடா!" என்று என் முதுகில் தட்டினார். வெள்ளியும் சனியும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் வெளியே போகும்போதெல்லாம் ஓடிப்போய் விசிறியைத் தள்ளிப் பார்ப்பேன். கடி குறைந்த மாதிரி பட்டால் இன்னும் இரண்டு சொட்டு விடுவேன். சொல்லிவிடலாம் என்று நாலைந்து தடவை அவர் பக்கத்தில் போய் நின்றேன். "இன்னாடா?" என்பார். "ஒண்ணுமில்ல நைனா" என்று வந்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அடையாற்றில் ஒரு பொட்டல் மைதானம். நடுவில் ஒருவர் நின்று இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொள்ள, விமானம் அவரைச் சுற்றி வட்டமடிக்க வேண்டும். பெரிய ஆபீசர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நைனா சலவைச் சட்டை போட்டிருந்தார். ரங்கநாதன் சார் எஞ்சினை விமானத்தில் பொருத்தி விசிறியைச் சுண்டினார்; நாலாவது தடவை எஞ்சின் கத்தியது. மைதானமே கை தட்டியது. நான் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து எண்ணுவதற்குள் நின்றுவிட்டது. ஈதரும் மண்ணெண்ணெயும் கலந்த எரிபொருள் உள்ளே போனதும் நான் ஊற்றிய எண்ணெய் கரைந்து போய்விட்டது. அப்புறம் சுண்டச் சுண்ட வெறுமனே சுற்றியது. அவர் விரலில் ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

"என்னப்பா பண்ணித் தொலைச்சே இத?" என்றார் அவர்.

நைனா விசிறியைத் தள்ளிப் பார்த்தார், திரும்பவும் தள்ளிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சூடு ஜாஸ்தி காட்டிட்டேன் போல சார். உள்ள லூசாயிடுச்சி. என் தப்புதான்."

நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தேன். எஞ்சினைக் கழற்றி நைனாவின் கையிலேயே கொடுத்துவிட்டு ரங்கநாதன் சார் போய்விட்டார். வேன் ஒன்றுகூட வரவில்லை. அதன் பிறகு நைனா ஒரு வேலை முடித்தால் அடுத்த கொட்டகைக்காரரைக் கூப்பிட்டு, "நீ ஒரு தபா பாத்துடுப்பா, என் கை சரியில்ல" என்பார். லாரி எஞ்சின் பார்த்த கை.

பத்து வருஷம் கழித்துக் கிண்டியில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்தபோது, அந்த எஞ்சினுக்கு வார்ப்பிரும்பில் புது பிஸ்டன் கடைந்தேன். பதினோரு பிஸ்டன் வீண், பன்னிரண்டாவது கடித்தது. வீட்டு வாசலில் நைனா எதிரில் ஓடவிட்டேன், தெருவே கூடிவிட்டது. "நான் கெடுத்தத நீ சரி பண்ட்டடா" என்று அவர் என் தலையைப் பிடித்து ஆட்டினார். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். "ஆமா நைனா" என்றேன்.

அதோடு விட்டேனா? பட்டறை வளர்ந்து, சங்கக் கூட்டம், ஆயுதபூஜை விழா என்று எங்கே மைக் கொடுத்தாலும் அந்தக் கதையைத்தான் சொன்னேன்: அப்பா கெடுத்த எஞ்சினை மகன் ஓட்டிய கதை. ஒவ்வொரு தடவையும் கைத்தட்டல். நைனா முதல் வரிசையில் உட்கார்ந்து, சூடு ஜாஸ்தி காட்டிய இடம் வந்ததும் பக்கத்து ஆளைத் தொட்டுத் தன்னைத்தானே சுட்டிக் காட்டிச் சிரிப்பார்.

அந்த மைதானத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள்; மந்தைவெளிக் கொட்டகை இருந்த இடத்தில் செல்போன் கடை. நைனா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. போன ஆயுதபூஜைக்கும் மைக்கை என் கையில் கொடுத்தார்கள். முதல் வரிசையைப் பார்த்தேன், கதையைத் தொடங்கினேன், இந்தத் தடவையும் பழையபடிதான் சொல்லி முடித்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். பேஸ்ட் போட்டுத் தேய்த்தவன் நான் என்று இதுவரை ஒருவருக்கும் தெரியாது.