செல்வராணி அக்கா அனுப்ப மறுத்த மடல்

செல்வராணி அக்கா காலமானார், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இறுதிச் சடங்கு என்று அந்த மடலில் இருந்தது. நாங்கள் இருவரும் முன்பு வேலை பார்த்த நிறுவனம், பழைய ஊழியர்களுக்கெல்லாம் அனுப்பியது. நான் அதைக் கண்டது வியாழக்கிழமை, ஸ்பேமில், கடன் விளம்பரத்துக்கும் உடல் இளைக்கும் மருந்துக்கும் நடுவே. கூட வேலை பார்த்தவர்களைக் கேட்டால், எல்லாருக்கும்தான் மெயில் போனதே என்கிறார்கள்.

பாயான் பாருவில் இருந்த அந்த அலுவலகத்தில், மடல்களை வெளியே அனுப்பும் சர்வரை அமைத்தவரே அக்காதான். புது சர்வர் என்றால் முதல் நாள் இருபது மடல்தான் விடுவார். மறுநாள் கொஞ்சம் கூட்டுவார்; ஒரேயடியாக அனுப்பினால் ஸ்பேம் என்று ஒதுக்கிவிடுவார்களாம். மடல் கிடைத்தவர்களைப் போனில் அழைத்து விசாரிப்பார். விடுப்பில் கெலுகோரில் தன் வீட்டில் கிடந்தாலும் என்னை விடமாட்டார்.

“வந்துச்சா தம்பி? இன்பாக்ஸா, ஸ்பேமா? பார்த்துச் சொல்லுங்க லா.”

நாங்கள் சிரிப்போம். புதிதாகக் குடிவந்தவன் முதல் நாளே தெரு முழுக்கக் கதவைத் தட்டினால் யார் திறப்பார் என்று அக்கா கேட்பார்.

ஒரு தீபாவளிக்கு முன், எங்கிருந்தோ வாங்கிய முகவரிப் பட்டியலை மேலாளர் அக்காவிடம் நீட்டினார். அத்தனை பேருக்கும் அன்றே விளம்பரம் போக வேண்டுமாம்.

“கேட்காதவங்களுக்கு அனுப்புனா நம்ம பேரு கெட்டுடும், சார். அப்புறம் முக்கியமான மெயில்கூடப் போய்ச் சேராது. நான் அனுப்ப மாட்டேன்.”

எல்லார் முன்னும் அவரைப் பிடிவாதக்காரி என்று ஏசிய மேலாளர், பிரிண்டர் பழுதுபார்க்கும் மூலைக்குத் தள்ளிவிட்டுக் கடவுச்சொல்லை என்னிடம் கொடுத்தார். நான் அனுப்பினேன். எல்லாம் தெரிந்தே அனுப்பினேன். மதியத்துக்குள் எங்கள் சர்வர், ஸ்பேம் அனுப்புவோரின் கறுப்புப் பட்டியலில் ஏறியது. வாடிக்கையாளர்களுக்கு எழுதிய பதில்கள்கூட ஸ்பேமில் விழுந்தன.

கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தவர் அக்காதான். அந்தக் கறுப்புப் பட்டியல்களை வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் எழுதி, மூன்று வாரம் மன்றாடிப் பெயரை மீட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மேலாளரோ சீனப் புத்தாண்டுக்கு அதே முகவரிப் பட்டியலை மறுபடி எடுத்தார். அக்கா வேலையை விட்டார். வெட்கம் தாங்காமல் பிறகு நானும் விட்டேன்.

இப்போது அதே மேலாளரின் பெயரில், பெயர் கெட்ட அதே சர்வரிலிருந்து, “எங்கள் குடும்பத்தின் தூண்” என்று இரங்கல். தூணாம்! இருந்தபோது பிரிண்டர் மூலையில் நிறுத்திவைத்த தூண். அக்காவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க முடியாமல் செய்தது மேலாளர் மட்டுமல்ல, அன்று பட்டனை அழுத்திய நானும்தான். மேலாளரை மன்னித்தாலும் என்னை எப்படி மன்னிப்பது?

‘ஸ்பேம் அல்ல’ என்பதை அழுத்தினேன். மடல் இன்பாக்ஸுக்கு ஏறியது. என் போனில் அவருடைய எண் இன்னும் இருக்கிறது.

வந்துச்சுக்கா. ஸ்பேம்லதான் வந்துச்சு. போய்ட்டு வாங்க.