ரவிக்கான சங்கிலி ஜெபம்

ஃபிராங்க்ளினுக்கு வயது ஐம்பத்தாறு. பொம்மனஹள்ளியில் ஒரு தையல் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். ஆஸ்டின் டவுனில் அவர் வீட்டு ஹாலில் புதன்கிழமைதோறும் வேதபாட வகுப்பு. பாடம் பெரும்பாலும் கீழ்ப்படிதல். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பாடத்தில்.

சவுல் ராஜாவை அவருக்குப் பிடிக்காது. அமலேக்கியரின் ஆடுமாடுகளில் ஒன்றையும் மிச்சம் வைக்காதே என்கிறார் கடவுள். சவுல் கொழுத்ததையெல்லாம் ஓட்டிவந்து, பலி கொடுக்கத்தான் வைத்திருக்கிறேன் என்கிறான். சொன்னதைச் செய்யாமல் சொல்லாததைப் பிரமாதமாகச் செய்வது பக்தியில்லை என்பார் ஃபிராங்க்ளின். எல்லோரும் குறித்துக்கொள்வார்கள்.

கடவுள் அவரிடமும் ஒன்று சொல்லியிருந்தார். ஜனவரி உபவாச ஜெபத்தில்: உன் தம்பி ரவியிடம் போ. வேறு யாருக்கும் அது கேட்கவில்லை. ஃபிராங்க்ளினே எழுந்து கண்ணீரோடு சபைக்கு முன் சாட்சியாகச் சொன்னதால்தான் தெரிந்தது.

ரவி ஒரு பஸ் தூரத்தில், சந்தாபுராவில் இருந்தான். ஆறு வருஷத்துக்கு முன் கைதட்டிப் பாடும் சபை ஒன்றில் சேர்ந்து, இரண்டாம் முறை ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டான். குழந்தையில் கொடுத்தது போதாதா, இனி உன் வாசப்படி மிதிக்கமாட்டேன் என்றார் ஃபிராங்க்ளின். அந்தச் சொல்லுக்கு மட்டும் அவர் ஒரு நாளும் கீழ்ப்படியாமல் இருந்ததில்லை.

பிப்ரவரியில் தம்பிக்காக வெள்ளிதோறும் உபவாசம் இருந்தார். மார்ச்சில் அவன் பேரில் கோயில் ஆல்டருக்குப் பூ வைத்தார். ஏப்ரலில், ரவிக்கு இருதயத்தில் ஆபரேஷன் என்றும், அதற்கு முன் அண்ணனை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றும் செய்தி வந்தது. ஃபிராங்க்ளின் உடனே செயலில் இறங்கினார். ஆபரேஷன் நாள் முழுக்கச் சங்கிலி ஜெபம். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, அரை மணிக்கு ஒருவர், அவரவர் வீட்டிலிருந்து. ஒருவர் முடித்ததும் வாட்ஸ்அப் குரூப்பில் தெரிவிக்க, அடுத்தவர் தொடங்க வேண்டும். இருபத்து நான்கு பேரைப் பிடித்து அட்டவணை போட நான்கு மாலைகள் ஆயின.

சந்தாபுராவுக்கு ஒரு மாலை போதும் என்றாள் அவர் மனைவி லீனா. அவர் அட்டவணையில் அடுத்த பெயரை எழுதினார்.

"உங்க ஜெபம் மேல போயி, அங்கிருந்து சந்தாபுராவுல இறங்கணும். பஸ்ஸு நேராப் போகுதுங்க."

அன்று பத்து முதல் பத்தரை வரை ஃபிராங்க்ளினின் முறை. படுக்கையறைக் கதவைச் சாத்தி முழங்காலிட்டார். பத்து பத்துக்கு வாசலில் ஆட்டோ நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ரவியே வந்துவிட்டான்.

லீனா கதவைத் தட்டிச் சொன்னாள். உள்ளே ஜெபத்தின் சத்தம் கொஞ்சம் உயர்ந்தது. மறுபடி தட்டினாள். இன்னும் உயர்ந்தது. என் தம்பியிடம் போம் ஆண்டவரே என்று கேட்டது. தம்பி எட்டடி தள்ளி சோபாவில் உட்கார்ந்திருந்தான்.

"விடுங்க அண்ணி. எனக்காகத்தான பண்றாரு," என்றான் ரவி.

பதினொன்றுக்குள் அட்மிட் ஆக வேண்டும். பத்து நிமிஷம் காத்திருந்துவிட்டு எழுந்தான். எழுந்ததற்கே மூச்சு வாங்கியது. லீனா செருப்பை மாட்டிக்கொண்டு அவனோடு ஆட்டோவில் ஏறினாள்.

பத்தரைக்கு ஃபிராங்க்ளின் வெளியே வந்தபோது மகள் லவினா மட்டும் இருந்தாள்.

"பன்னெண்டு வரைக்கும் பாக்க விடுவாங்களாம்பா. கெளம்புங்க, நான் ஸ்கூட்டர எடுக்கறேன்."

அவர் போனைப் பார்த்தார். அடுத்த முறை சந்தானத்துடையது. சில்க் போர்டு டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டேன், இன்னொரு அரை மணி பார்த்துக்கொள்ளுங்கள் பிரதர் என்று எழுதியிருந்தார். சங்கிலி அறுந்தால் யார் பொறுப்பு என்று மகளிடம் கேட்டுவிட்டு ஃபிராங்க்ளின் மறுபடி உள்ளே போனார். சந்தானம் முடிக்காமல் அடுத்தவர் தொடங்க முடியாது; அவர் வீடு சேர்ந்தபோது பன்னிரண்டேகால்.

பன்னிரண்டரைக்கு லீனா கூப்பிட்டாள். "உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. கடைசி வரைக்கும் லிஃப்ட்டையே பாத்துட்டிருந்தாரு."

சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இதற்குள் லவினா குரூப்பில் நடந்ததை அப்படியே எழுதியிருந்தாள். சித்தப்பா வீடு தேடி வந்தார், அப்பா ஜெபத்தை விட்டு எழவில்லை, சித்தப்பா போய்விட்டார். அவமானப்படட்டும் என்றுதான் எழுதினாள்.

"அத அழிச்சிடு," என்றார் ஃபிராங்க்ளின்.

லவினா போனை அவரிடம் நீட்டினாள். முப்பத்தொன்பது பேர் கைகூப்பியிருந்தார்கள். இப்படி ஒரு அர்ப்பணிப்பை நம் சபையில் கண்டதில்லை, ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லுங்கள் என்று ஆயர் எழுதியிருந்தார்.

அவர் அதை இரண்டு முறை வாசித்தார்.

"அப்ப இருக்கட்டும்," என்றார்.