மூட்டையோடு நின்று கதை கேட்டவர்

போன தசரா முடிந்து யானைகள் லாரி ஏறிக் காட்டுக்குப் போன மறுநாள் நடந்தது இது. அதில் ஒரு யானை ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தது. அது வேறு கதை.

எனக்கு எழுதத் தெரியாது. கதையைப் போனில் பேசித்தான் எல்லோருக்கும் அனுப்புவேன். அன்று தேவராஜ மார்க்கெட் டீக்கடையில் என் புதுக்கதையைச் சத்தமாக ஓடவிட்டேன். ஊரில் அம்மா செத்த சேதி கேட்டு, சுமைக்கூலி ஒருவன் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு அழுகிற கதை. கடைக்காரர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தலையில் சும்மாடு, அதன்மேல் வெங்காய மூட்டை, வாயில் வெற்றிலை. அப்படியே நின்று ஒருவர் முழுக்கதையையும் கேட்டார். பேச்சு எல்லையோரக் கௌதள்ளிப் பக்கத்துத் தமிழ்.

"கதை பொய்யுங்க, பெரியவரே."

எனக்குச் சுருக்கென்றது. "நீ எத்தன கதைய்யா சொல்லியிருக்க?"

"எறக்கிட்டா மறுபடி ஏத்திவுட ஆளு வேணுமுங்க. அழுதுக்கிட்டே நடந்துருவமுங்க."

சொல்லிவிட்டு நடந்துவிட்டார். அவ்வளவு நேரமும் அவர் மூட்டையை இறக்கவில்லை. யாருக்காக அப்படி அழுதாரோ, எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அப்புறம் அவர் என் கண்ணில் படவேயில்லை. மார்க்கெட் பக்கம் போனால் அவரிடம் சொல்லுங்கள்: கதையை மாற்றிப் பேசிவிட்டேன், அந்த ஆள் இப்போது மூட்டையோடு நடந்துகொண்டேதான் அழுகிறான்.