சோலூர் பஸ்ஸில் ஒரு ஜப்பான் வார்த்தை

தேயிலை விலை விழுந்து கிடந்த வருஷம். சோலூரிலிருந்து ஊட்டி போகும் காலை பஸ்ஸில் ஒரு பெண் என் பக்கத்தில் உட்காருவார். பச்சை ஸ்வெட்டர், மூக்கு நுனியில் கண்ணாடி. வழியிலிருந்த தேயிலை ஃபேக்டரியின் ஆபீஸில் வேலை. ஃபேக்டரி பாதி நாள் ஓடாததால், மொழிபெயர்ப்பு வேலைக்குப் போகலாம் என்று ஜப்பான் மொழிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். பனி படிந்த ஜன்னலில் விரலால் அந்த எழுத்துகளை எழுதிப் பார்ப்பார். நான் தெரியாமல் துடைத்துவிட்டால் முறைப்பார்.

ஒருநாள் எழுதாமல் சும்மா இருந்தார். என்னவென்று கேட்டேன்.

“‘நமஜி’ன்னு ஒரு வார்த்தைங்கண்ணா. அகராதியில ‘அரைகுறையா’ன்னு இருக்குது. அரைகுறையா வெந்த சோறுன்னு எழுதினேன். சோத்துக்கெல்லாம் அது வராதுன்னு டீச்சர் கோடு போட்டு அடிச்சுட்டாங்க.”

எனக்கு ஜப்பான் மொழியும் தெரியாது, சோறு வைக்கவும் தெரியாது. என் தேயிலைத் தோட்டத்துக் கவலையைத்தான் சொன்னேன்.

“விலை ஒரேயடியா செத்துட்டா செடியப் புடுங்கிட்டு கேரட் போட்டுருவேன் அம்மணி. அப்பப்ப கொஞ்சம் ஏறித் தொலையுது. அதனாலயே விட முடியல.”

“அதேதானுங்கண்ணா நமஜி! கொஞ்சூண்டு இருக்கறதுதான் வம்பே! இல்லவே இல்லைன்னா நிம்மதி!”

அவர் போட்ட சத்தத்தில் கண்டக்டர் விசில் அடித்து பஸ்ஸையே நிறுத்திவிட்டார்.

பிறகு ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். அவர் பஸ்ஸுக்கு வருவதும் நின்றுபோனது. பரீட்சையில் பாஸானாரா, தெரியாது. நன்றாகத் தெரிந்தவர் என்றால் வீட்டுக்கே போய் விசாரித்திருப்பேன். தெரியாதவர் என்றால் மறந்திருப்பேன். பேர்கூடக் கேட்காமல், நமஜியாக, ஒரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வந்துவிட்டேன்.