அகப்பையை மட்டும் பிடித்தவள்

அந்த வீடியோவை இப்போது தேடினால் கிடைக்காது. மார்பில் புற்றுநோய் வந்த நாள் முதல் அந்த வருத்தத்தைப் பற்றி நான் இணையத்தில் போட்டவற்றில் அதற்குத்தான் பாராட்டு அதிகம். அதில் நான் இறால் கறி வைப்பேன். "நேத்துத்தான் கீமோ, இண்டைக்கு அடுப்படி. மனசு வைச்சா எல்லாம் ஏலும்" என்று சிரிப்பேன்.

கறியை வைத்தவள் என் தங்கை. எங்கள் பக்கத்து வழக்கப்படி அம்மாவின் வளவிலேயே இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் வீடு. நடுவில் வேலிகூட இல்லை. காலையிலேயே வந்து இறால் உடைத்து, தேங்காய் துருவி, நான் வாந்தி எடுத்த சட்டியையும் கழுவி வைத்தாள். கறி கொதித்த பிறகு நான் தலையில் சால்வையைக் கட்டிக்கொண்டு போய் அகப்பையைப் பிடித்தேன். ஒரு நிமிடம் இருக்கும். போனைப் பிடித்தவளும் அவள்தான்.

"பெரிய சமையல்காரிதான்" என்று நக்கலடித்துவிட்டு என்னைத் தாங்கிக்கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள். அதற்குப் பிறகு நாலு நாள் எழும்பவில்லை. அதையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஊர் என்னை அழுமூஞ்சி என்று சொல்லிவிடக்கூடாது என்ற வீம்பும் இருந்தது.

போன மாதம் கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்து இருந்தாள். மண்டூர்ப் பக்கம். முப்பது வயதுகூட இராது. எனக்கு உள்ளூரப் பெருமை, சால்வையைச் சரிசெய்துகொண்டேன்.

"அக்கா, நீங்க என்ன சாப்பிட்டு அடுத்த நாளே எழும்பினீங்க? எனக்கு ஒரு கிழமைக்கு ஏலாது. அம்மா உங்கட வீடியோவப் போட்டுக் காட்டுவா. அந்தப் பிள்ளைக்கும் உன்ட வருத்தம்தானே, நீ மட்டும் ஏன் கிடக்காய் எண்டு ஏசுவா. அதுக்கு மறுகா எழும்பிப்போய்த் தண்ணி அள்ளுவன்."

அவள் குரலில் குறையே இல்லை. உண்மையாகவே பக்குவம் கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இண்டைக்கு மருந்து ஏத்தாமப் போவமெண்டு நினைக்கன் அக்கா. ஏத்தாட்டி வீட்டு வேலையாவது செய்வன்."

"தங்கச்சி, அந்தக் கறிய நான் ஆக்கல்ல" என்றேன். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று எண்ணிச் சிரித்தாள். விஷயத்தை முழுக்கச் சொன்ன பிறகு சிரிப்பு நின்றது. தாயின் நம்பரை அழுத்திப் போனை நீட்டினாள்.

"அம்மாக்குச் சொல்லுங்க."

சொன்னேன். அந்த அம்மா என்னிடம் கேட்டார்:

"அப்ப மெய்யாவே எழும்பேலாதா மகள்?"

"ஓம் அம்மா. ஏலாது."

"நேத்தும் கிணத்தடியில நிண்டு ஏசினனே" என்று அழத் தொடங்கினார். மகளிடம் போனைக் கொடுத்தேன். அவள் திரும்பியிருந்து கேட்டாள். "ஓம்மா, ஏத்திப்போட்டு வாறன்" என்றாள். நேர்ஸ் கூப்பிட்டதும் என்னைப் பார்க்காமலே உள்ளே போனாள்.

வீட்டுக்கு வந்து அந்த வீடியோவை அழித்தேன். உண்மையைச் சொல்லிப் புதிதாக ஒன்று போட்டேன், பார்த்தவர்கள் கொஞ்சப் பேர்தான். பழையதை இன்னும் எத்தனை அம்மாக்கள் எத்தனை பிள்ளைகளுக்குக் காட்டினார்களோ, அவர்களுடைய நம்பர் என்னிடம் இல்லை.