டேப்பில் ஓடிய அறுப்பு மெஷின்

என் கணவர் விவசாயம் செய்வதை நீங்கள் பார்க்க வேண்டும். மணவாள நகர் வாடகை வீட்டின் முன்னறையில், ஃபேனுக்கு நேர் கீழே, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, எந்த நாட்டிலோ இருக்கிற கோதுமைக் கழனியை உழுவார். எல்லாம் கேம்தான், கம்ப்யூட்டர் திரையில் நிலம் ஓடும். பக்கத்தில், கொரோனா காலத்தில் மகளின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய டேப் ஒரு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும். விளக்கு, ஹாரன், கத்தியை இறக்கு, குழாயை நீட்டு என்று டிராக்டருக்கும் அறுப்பு மெஷினுக்கும் உள்ள பட்டன்களெல்லாம் அந்த டேப்பில்தான். இதையெல்லாம் கீபோர்டிலேயே அழுத்தலாமே என்று ஒருமுறை கேட்டேன். அதில் ஃபீல் வராதாம்.

வியர்வையில் விரல் வழுக்குகிறது என்று பவுடர் போட்டுக்கொள்வார். டேப்பைத் துடைக்க மூக்குக்கண்ணாடித் துணி. சாப்பிட்ட தட்டை எடுத்துப் போய்க் கழுவப் போடத் தெரியாத மனுஷன், அந்த டேப்பில் ஒரு கைரேகை விழுந்தால் பதறிப்போவார். பட்டன்கள் போதவில்லை என்று தன் போனையும் இன்னொரு ஸ்டாண்டில் ஏற்றினார். யாராவது கூப்பிட்டால் பட்டனை மறைக்கிறது என்பதால், விளையாடும் நேரத்தில் அழைப்பே வராதபடி செய்துவிடுவார். எங்கள் வீட்டுச் சாமி அலமாரிக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடையாது.

நிஜக் கழனியும் எங்களுக்கு இருந்தது. அப்பா போன பிறகு, பொதட்டூர்பேட்டையில் என் பங்குக்கு வந்தது. பெண்பிள்ளைக்குக் கழனி எதற்கு, கூடப்பிறந்தவனுக்கு விட்டுக்கொடுத்தால் வருஷா வருஷம் சீர் வந்துகொண்டிருக்குமே என்றார்கள் சொந்தக்காரர்கள். கம்பெனி பஸ்ஸில் தேர்வாய் கண்டிகைக்கு வேலைக்குப் போய் வருகிறவள் எப்படிப் பயிர் வைப்பாள் என்று அண்ணனும் கேட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு போகம் நானே வைக்கிறேன், நெல் வீடு வந்து சேராவிட்டால் கழனியை அண்ணனுக்கே விட்டுவிடுகிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். கோடையில், சொர்ணவாரிப் பட்டத்தில் நட்டேன். லீவு நாளெல்லாம் சேற்றில் போனது. களை எடுக்க ஆள் கிடைக்காதபோது நானே இறங்கினேன். கதிர் முற்றித் தலை சாய்ந்தபோது எனக்கு வந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

எங்கள் பக்கம் அறுப்பு மெஷின் முறை வைத்துத்தான் வரும். முறை வரும்போது கழனிக்காரர் வரப்பில் நிற்க வேண்டும். இல்லையென்றால் மெஷின் அடுத்த கழனிக்கு நகர்ந்துவிடும், அப்புறம் எப்போது திரும்பும் என்று மெஷின்காரருக்கே தெரியாது. இன்னொன்றும் உண்டு. பங்கு பிரிந்த பிறகு, தங்கச்சி கழனியாகவே இருந்தாலும் கேட்காமல் யாரும் கை வைக்க மாட்டார்கள். அங்கே பாதிச் சண்டைகள் அப்படி ஆரம்பித்தவைதான்.

எங்கள் முறை வந்த நாளில் எனக்கு லீவு கிடைக்கவில்லை. என் கணவருக்கு அன்று வார விடுமுறை. ஒரே ஒரு வேலைதான்: காலையில் பஸ் ஏறி வரப்பில் போய் நிற்பது. போகிறேன் என்று தலையாட்டினார். மெஷின் மத்தியானத்துக்கு மேல்தான் வரும் என்று தானாகவே முடிவு செய்துகொண்டு, அதற்குள் ஒரு சின்ன அறுப்பை முடித்துவிடலாம் என்று டேப் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஆன்லைன் கூட்டாளிகள் காத்திருந்தார்களாம், அவர்களிடம் கொடுத்த வாக்கு தவறக் கூடாதாம். இதைப் பிறகு என்னிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

எங்கள் கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஷிப்ட் முடிந்து எடுத்தபோதுதான் அண்ணன் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்திருந்தது தெரிந்தது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் அழைத்தேன்.

"மாப்ளைக்கு எத்தினி வாட்டி போட்டேன், போவவே இல்ல. நீயும் எடுக்கல. கேக்காம நானு மிஷின எறக்கினா நாளிக்கு ஒரு பேச்சு வரும்மா. அது அடுத்த ஊருக்குப் பூட்ச்சி" என்றார்.

ஊத்துக்கோட்டை தாண்டும்போதே ஜன்னலில் மழை அடித்தது.

வீட்டுக்கு வந்தபோது அவர் டேப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோதுமை மொத்தமும் குடோனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவர் சுரைக்காய் ஏட்டில்கூட இல்லை, கரண்ட் போனால் அதுவும் போய்விடும்.

மழை விடவில்லை. நெல் சாய்ந்து, தண்ணீரில் கிடந்து, முளை விட்டது. வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் நின்ற என் கணவர் ஆறுதல் சொல்லும் எண்ணத்தில்தான் வாயைத் திறந்தார் என்று நினைக்கிறேன்.

"கேம்ல பயிர் வீணாவறத ஆஃப் பண்ணி வச்சிக்கலாம். நெஜத்துலதான் பேஜாரு."

அதற்கு மேல் அவரிடம் சண்டை போடவும் எனக்கு மனசு வரவில்லை. சண்டை போட எதிரில் ஒரு ஆள் வேண்டும்.

சொன்ன சொல்படி கழனியை அண்ணனுக்கு விட்டேன். அவர் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. திட்டியிருந்தால்கூட தேவலை என்று இருந்தது. சம்பாப் பயிரை அவர் வைத்தார். பொங்கலுக்குக் கரும்பு, மஞ்சள் கொத்து, புடவையோடு புது அரிசி ஒரு மூட்டை கொண்டுவந்து இறக்கினார். உன் கழனியில் வெளஞ்சதுதாம்மா என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அப்போது என் கணவர் டிராக்டரில் இருந்தார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், வாங்க மச்சான் என்றதோடு சரி.

மறுநாள் அந்த அரிசியை வடித்துப் போட்டேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"அரிசி நல்லா கீதே. எந்தக் கடையில வாங்கின?" என்றார்.