கோள் சொன்ன றோலர் கதவு

எங்கள் வீட்டில் கார் நிற்கும் அறையின் றிமோட்டைக் கிணறு குடித்துவிட்டது. என் கணவர் அதைச் சாரத்து மடியில் செருகிக்கொண்டு தண்ணீர் அள்ளக் குனிந்தாராம். "ஏதோ டுபுக் எண்டுது, தவளையாக்கும் எண்டு நினைச்சன்" என்று ஈரத்தலையோடு வந்து சொன்னார். அந்த அறையும், சுருண்டு ஏறும் றோலர் கதவும், அதை இழுக்கும் மோட்டாரும் கனடாவில் இருக்கும் எங்கள் மகனின் கைங்கரியம். பழைய கார்க் கொட்டிலே போதும் என்று நான் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை.

மகனுக்குச் செய்தி போனது. "இனி றிமோட்டே வேண்டாம் அம்மா, போனாலை திறக்கிற மாதிரிச் செய்யலாம்" என்றான். அவன் சொன்னபடி மின்வேலை செய்பவர் ஒருவர் வந்தார். நான் மோட்டாரையே கழற்றிவிடப்போகிறார் என்று பயந்துகொண்டு நின்றேன்.

"மோட்டரிலை கைவைக்கத் தேவையில்லை அன்ரி. சுவரிலை இருக்கிற சுவிச்சை ஒருக்கா அமத்தினால் என்ன நடக்குமோ, அதைத்தான் உந்தப் பெட்டியும் செய்யும்" என்று தீப்பெட்டி அளவான ஒன்றைக் காட்டினார். சுவிச்சின் வயர்கள் போய்ச் சேரும் அதே இடத்தில் இதன் இரண்டு வயர்களையும் முடுக்கினார். கதவு திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு காந்தத்துண்டைக் கதவில் ஒட்டினார். வைபை அவ்வளவு தூரம் எட்டாததால், வைபைப் பெட்டி முன் அறையிலிருந்து குசினி யன்னலுக்குக் குடிபெயர்ந்தது. அன்றிலிருந்து அதற்கும் எங்களோடு சேர்ந்து தாளிதப் புகைதான்.

பிறகு என் போனில், இவர் போனில், கனடாவில் மகன் போனில் என்று மூன்றிலும் அந்தப் பெட்டிக்குரிய அப்பை ஏற்றினார்கள். யார் அமர்த்தினாலும் கதவு கேட்கும். ஒருமுறை அமர்த்தினால் ஏறும். ஏறும்போது அமர்த்தினால் நிற்கும். இன்னொருமுறை அமர்த்தினால் இறங்கும். எங்கள் ஊரில் சில மனிதர்களே இவ்வளவு சொல்வழி கேட்பதில்லை.

சொல்வழி கேட்பது சரி. வாய் சும்மா இருக்கவேண்டாமா? கதவு திறந்தவுடன் அது மகனின் போனுக்குச் செய்தி அனுப்பிவிடும். அவன் உடனே எடுப்பான். எடுத்தவுடன் கேட்பான்:

"எங்கை அம்மா போறியள்?"

வெளிக்கிடுகிற ஆளிடம் "எங்கை" என்று கேட்கலாமா? எங்கள் பக்கத்தில் "தூரவோ?" என்றுதான் கேட்போம். "எங்கை" என்று கேட்டால் போகிற காரியம் அவ்வளவுதான் என்பது சனத்தின் நம்பிக்கை. என் கணவருக்கோ அது நம்பிக்கையைத் தாண்டிச் சட்டம். அந்தச் சொல் காதில் விழுந்ததும் காரை நிற்பாட்டி, இறங்கி, உள்ளே போய்க் கதிரையில் இருந்து, ஒரு செம்புத் தண்ணீர் குடித்து, பிறகுதான் மறுபடி வெளிக்கிடுவார். மறுபடி கதவு திறக்கும். மறுபடி மகன் எடுப்பான். ஒருநாள் செத்தவீடு ஒன்றுக்கு வெளிக்கிட்டு, தண்ணீர் குடித்துக் குடித்தே பிரேதம் எடுத்த பிறகு போய்ச் சேர்ந்தோம். வேலியிலே போன ஓணானை மடியிலே விட்ட கதை என்பது இதுதான்.

"அவனுக்கு வடிவாச் சொல்லும்" என்பார் இவர். சொன்னால் அவன் சிரிப்பான். "சரி அம்மா, கேக்கேல்லை" என்பான். அடுத்தநாளும் கேட்பான். பிள்ளை கனடாவுக்குப் போனபோது குளிருக்குச் சட்டை கொடுத்துவிட்டோம், இதைக் கொடுத்துவிட மறந்துபோனோம்.

இந்த நிலையில் இவருக்குக் கண் மங்கத் தொடங்கியது. முன்னால் போகும் சைக்கிளை மாடு என்று சொன்ன அன்று, இனிக் கார் ஓடக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மகன் உடனே முடிவெடுத்தான். காரை விற்றுவிட்டு ஓட்டோவில் திரியுங்கோ என்றான். பண்டத்தரிப்பில் வாங்குவதற்கு ஆளும் பிடித்தாயிற்று.

கலியாணமான புதிதில் இவரோடு சேர்ந்து நானும் எடுத்த லைசன்ஸ் அலுமாரிக்குள் கிடந்தது. ஓடத்தான் ஒருவரும் விட்டதில்லை. கார் போனால் கோயிலுக்கும் கடைக்கும் ஆளைப் பார்த்துக்கொண்டு படலை வாசலில் நிற்கவேண்டியதுதான். நான் ஒருவருக்கும் சொல்லாமல் கார் பழக்கும் ஒரு பெண்ணிடம் போய் வந்தேன். "அக்கா, ஓடத் தெரிஞ்சவள் கெட்டிக்காரி இல்லை, நிப்பாட்டத் தெரிஞ்சவள்தான் கெட்டிக்காரி" என்பாள் அவள். அந்தச் சொல்லுக்காகவே அவளை எனக்குப் பிடித்துக்கொண்டது.

ஒருநாள் இவரிடம் சொன்னேன்: "இஞ்சருங்கோ, காரை விக்கவேண்டாம். நான் ஓடுறன்."

இவர் என்னைப் பார்த்தார். மங்கின கண்ணால் பார்த்தாலும் முறைப்பு முறைப்புத்தானே.

"உமக்கு ஓடத் தெரியுமோ?"

"தெரியும்."

"அப்ப ஒண்டு செய்வம். மருதனார்மடத்துக்குக் கொண்டுபோய்ச் சந்தையடியிலை நிப்பாட்டும். அதுவும் சனிக்கிழமை. வடிவாச் செய்தீரெண்டால் கார் நிக்கும். இல்லாட்டி அண்டைக்குப் பின்னேரமே பண்டத்தரிப்பு ஆளுக்குக் குடுத்திடுவன்."

சனிக்கிழமை மருதனார்மடம் என்றால் என்னவென்று தெரிந்துதான் சொன்னார். சந்தைச் சனத்தோடு ஆஞ்சநேயர் கோயில் சனமும் சேர்ந்து, சந்தியில் எள் போட இடம் இருக்காது. நான் ஓம் என்றேன். மகனுக்குச் சொல்வதில்லை என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம். தெரிந்தால் அவன் அங்கிருந்தே குதிப்பான்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ராகுகாலம். அதற்கு முன் படலை தாண்டவேண்டும் என்று இவர் அவதிப்பட்டார். நான் காருக்குள் ஏறி, போனை அமர்த்தினேன். கதவு ஏறியது. உடனே போன் அடித்தது. மகன்.

"எடுக்காதையும்!" என்று கத்தினார் இவர். "எடுத்தால் 'எங்கை' எண்டுவான். பேந்து திருப்பி இருந்து தண்ணி குடிக்க நேரமில்லை."

நான் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. நான் கிளச்சை மிதித்துக் கியர் போடுவதற்குள் கதவு இறங்கத் தொடங்கியது.

"ஐயோ, ஆர் பூட்டினது?"

"வேறை ஆர்? உம்மடை மகன்தான். நாங்கள் திறந்தபடி மறந்துபோட்டம் எண்டு நினைச்சுப் பூட்டுறான்."

நான் அமர்த்தினேன். கதவு பாதியில் நின்றது. திரும்ப அமர்த்தினேன், ஏறியது. அவன் அங்கே அமர்த்தினான், நின்றது. அமர்த்தினான், இறங்கியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அமர்த்தினோம் போலிருக்கிறது. கதவு என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு துடிப்புத் துடித்து நின்றது. மாமிக்கும் மருமகளுக்கும் நடுவில் அகப்பட்ட மாப்பிள்ளை கெட்டான்.

முன்வீட்டுக்காரி விளக்குமாறும் கையுமாகப் படலைக்கு வந்துவிட்டாள். அவளுக்கு வாய் நீளம், மனம் நல்லது.

"என்னணை அக்கா, கதவு ஓம் எண்டும் தலையாட்டுது, இல்லை எண்டும் தலையாட்டுது? பேய் கீய் பிடிச்சுப்போட்டுதோ?"

"பேய் கனடாவிலை இருக்கடி!" என்று காருக்குள் இருந்து சத்தம் போட்டேன்.

அப்போது இவர் ஒரு வேலை செய்தார். அந்தக் கதவின் இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்தில் இரண்டு சின்னக் கண்கள் உண்டு. இடையில் ஏதாவது மறைத்தால், இறங்கும் கதவு தானாகத் திரும்ப ஏறிவிடும். நாய் குறுக்கே போனாலும் ஏறும். இவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய், ஓரத்தில் குந்தியிருந்து, அந்தக் கண்ணுக்கு முன்னால் குடையை நீட்டிப் பிடித்தார். இறங்கி வந்த கதவு ஏறிப் போய் நின்றது. கனடாவில் அவன் என்ன அமர்த்தியும் இனி அசையாது.

"வாரும், வாரும்! நான் பிடிச்சிருக்கிறன்!"

காரின் மூக்கு கதவுக்கு அடியில் வந்ததும் குடையை இழுத்துக்கொண்டார். கார் தானே கண்ணை மறைத்தபடி வெளியே வந்தது. முன்வீட்டுக்காரி விளக்குமாற்றைத் தூக்கி ஆட்டினாள். இவர் ஏறி இருந்து பெல்ற் போடும்போது, எங்களுக்குப் பின்னால் கதவு தானாக இறங்கிப் பூட்டிக்கொண்டது. பூட்டின புண்ணியம் மகனுக்கு. மணி இன்னும் ஒன்பதாகவில்லை.

வழியெல்லாம் போன் அடித்தபடி. இவர் அதை வாங்கித் தன் சேட்டுப் பைக்குள் போட்டுக் கையால் பொத்திக்கொண்டார். நான் இரண்டு கையாலும் ஸ்ரேறிங் வளையத்தை இறுக்கிப் பிடித்திருந்தேன். சந்தியில் பஸ் ஒன்று பின்னால் நின்று ஹோர்ன் அடித்துக் குழறியது. நான் மெல்லப் போய், சந்தைக்குப் பக்கத்தில் இரண்டு ஓட்டோக்களுக்கு நடுவில் காரை நுழைத்து, நிற்பாட்டினேன். கொஞ்சம் கோணல்தான். ஆனால் ஒருவரையும் தட்டவில்லை.

இவர் போனை என் கையில் தந்தார். "இனி எடும். வந்து சேந்தாச்சு, இனி அவன் என்னத்தையும் கேக்கட்டும்."

"அம்மா! வீட்டிலை கள்ளர் பூந்திட்டாங்களோ? கதவைத் திறந்து திறந்து பூட்டுறாங்கள், நீங்கள் போனை எடுக்கிறியள் இல்லை!"

"கள்ளி நான்தான் ராசா. கார் எடுத்துக்கொண்டு மருதனார்மடத்துக்கு வந்தனான்."

"ஆர் ஓடினது? அப்பாவோ?"

"நான். கொப்பர் குடை பிடிச்சவர்."

அவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று விளங்கவில்லை. "அம்மா, றிவேர்ஸ் எடுப்பியளே?" என்று மட்டும் கேட்டான். அதற்கு நான் மறுமொழி சொல்வதற்குள் இவர் போன் அடித்தது. பண்டத்தரிப்பு ஆள். பக்கத்தில் இருந்த எனக்கே அவர் குரல் கேட்டது.

"அண்ணை, கார் வீட்டிலை நிக்குதோ? பின்னேரம் வந்து பாக்கட்டோ?"

இவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். சனம், கத்தரிக்காய்க் குவியல், எங்கள் காரைச் சுற்றிக்கொண்டு போகும் சைக்கிள்கள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"கார் வீட்டிலை நிக்கேல்லைத் தம்பி. மனுசி கொண்டு வந்திட்டா. இனி அவ விட்டால்தானே நிக்கிறதுக்கு? நீர் வேறை இடத்திலை பாரும்."

போனை வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு மரக்கறி வாங்க இறங்கினார். வாங்கி வந்து, காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, பெரிய ஆள் மாதிரிக் கையை ஆட்டி, "வரட்டும், வரட்டும்" என்று எனக்கு வழி காட்டத் தொடங்கினார். சைக்கிளை மாடு என்று சொன்ன மனிதர். நான் அவர் சொன்னபடியெல்லாம் தலையாட்டி, கண்ணாடியைப் பார்த்துக் காரை எடுத்தேன்.